அசடு வேறு, ஏமாளி வேறு

அரியமங்கலத்தில் ஒருவனுடைய அறிவுக்குறைவைச் சொல்ல ஒரே சொல் போதாது என்றிருந்த காலம் உண்டு. 1970களில் நான் அங்கே பையனாக இருந்தேன். தஞ்சாவூர் ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்த எங்கள் தெருவில் எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். பொன்மலைப் பணிமனைக்கு சைக்கிளில் போகிற தொழிலாளிகள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள், லாரிப் பட்டறைக்காரர்கள், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் லால்குடி வட்டாரத்திலிருந்து பிழைக்க வந்த விவசாயக் குடும்பங்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். திட்டுவதற்கு அவரவர் கொண்டுவந்த சொற்கள் அங்கே ஒன்றாகக் கலந்தன. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை யாரும் போட மாட்டார்கள்.

நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் சொன்னதைச் செய்யாதவன் கூமுட்டை. கோழி அடைகாத்தும் பொரியாமல் கெட்டுப்போன கூழ்முட்டையிலிருந்து வந்த பேர் அது. வேலை தெரியும், ஆனால் கை சொன்னபடி கேட்காது என்றால் தத்தி. பாடம் ஏறாதவன் மக்கு. கேட்ட கேள்விக்கு விழித்துக்கொண்டு நிற்பவன் மண்ணாந்தை. எல்லாம் தெரிந்தும் நேரத்துக்குத் தகாததைச் சொல்லிவிட்டு முகம் சிவப்பது அசடு. அதைச் சொல்கிறவர் முகத்தில் பெரும்பாலும் சிரிப்பு இருக்கும். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன் வெகுளி; அந்தச் சொல்லில் பாதி மெச்சுதல். நம்பி மோசம் போனவன் ஏமாளி. மோசம் போகிறோம் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பவன் இளிச்சவாயன். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஊரை மறந்து அலைபவன் கிறுக்கன்.

இந்தச் சொற்களை எனக்குப் பிரித்துக் காட்டியவர் அப்பாயி, என் அப்பாவின் தாய். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டை வாங்கிவந்தான். மேலே நல்ல காய், அடியில் முழுக்க அழுகல். அவன் அம்மா தெருவில் நின்று அவனைத் திட்டித் தீர்த்தார்.

“மடப்பய, மேலாப்புல பாத்துட்டுத் தூக்கியாந்துருக்கான் பாருங்க ஆத்தா.”

அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: “அவன ஏன்டி மடையங்குற? அவன் ஏமாந்த புள்ள. அடியில அழுகலப் போட்டு மேல நல்லத அடுக்குனான் பாரு, அவன வையி.”

திட்டுகிற சொல் மாறியதும் குற்றம் பையனை விட்டுக் கடைக்காரனிடம் போய்விட்டது. மடையன் என்றால் தவறு அவனுடையது. ஏமாளி என்றால் தவறு இன்னொருவனுடையது. அப்பாயிக்கு இது இலக்கணம் அல்ல, நியாயம்.

அப்பா பொன்மலைப் பணிமனையில் கொல்லுப்பட்டறைப் பகுதியில் வேலை பார்த்தார். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தபோது, அதோடு ஒரு புதிய பேச்சுமொழியும் திருச்சியின் கிழக்குப் பக்கத்துக்கு வந்தது. “மரை கழண்டவன்” என்பதை நான் முதலில் கேட்டது பணிமனை ஆட்களிடம்தான். அது நட்டும் போல்ட்டும் புழங்குகிற இடத்தில் தானாக விளையும் சொல். ஆங்கிலத்திலும் அதே எண்ணம் உண்டு, திருகு தளர்ந்த ஆள் என்பார்கள். கழன்ற மரையைத் திரும்ப முடுக்கலாம் என்பதும் பணிமனைக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் வாயில் அந்தச் சொல் அவ்வளவு கடுமையாக ஒலித்ததில்லை.

பொன்மலை ரயில்வே காலனியில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அவர்களில் ஓர் அம்மா எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தார். ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். சில்லி, ஃபூல், ஸ்டுப்பிட் மூன்றும் பள்ளியில் எங்களுக்கு ஒரே பொருளில்தான் வந்து சேர்ந்திருந்தன: முட்டாள். ஆன்ட்டி அப்படிச் சொல்ல விட மாட்டார். குழந்தை செய்கிற விளையாட்டுத்தனம் சில்லி, அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். யோசிக்கத் தெரிந்தவன் யோசிக்காமல் செய்தால் ஃபூலிஷ், அதை அவனிடமே எடுத்துச் சொல்லலாம். ஸ்டுப்பிட் என்று மட்டும் எந்தக் குழந்தையையும் சொல்லக்கூடாது, அது செய்கையை விட்டுவிட்டு ஆளைக் குத்துகிறது என்பார்.

பின்னாளில் அகராதிகளைப் புரட்டியபோது அவர் காதால் அறிந்து சொன்னதற்குப் பின்னே நீண்ட வரலாறு இருப்பதைக் கண்டேன். சில்லி என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அருள்பெற்றவர் என்று பொருள். அருள்பெற்றவர் சூது அறியாதவர் ஆனார்; சூது அறியாதவர் இரங்கத்தக்கவர் ஆனார்; 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அவரே அறிவற்றவர் ஆகிவிட்டார். ஃபூல் என்பதன் வேர், கொல்லன் உலையின் துருத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல். உள்ளே வெறும் காற்று, வெளியே பெரிய ஓசை. ஸ்டுப்பிட் என்பதன் வேருக்கு மரத்துப்போதல், திகைத்து நிற்றல் என்று பொருள். சூதறியாமை, வெற்றுப் பெருமை, திகைப்பு என்று மூன்றும் தனித்தனி ஊற்றிலிருந்து புறப்பட்டவை. பள்ளிக்கூட மொழிபெயர்ப்பு அவற்றை ஒரே குடத்தில் ஊற்றிக் கொடுத்தது.

தமிழிலும் இந்தப் பயணம் நடந்திருக்கிறது. பேதை என்பது இலக்கியத்தில் பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது, ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுமி. அச்சம், நாணம் இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் மடம், தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் பெண்ணின் குணம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். குழந்தையின் கள்ளமின்மைக்கும் அறியாமைக்கும் ஒரே வேர் இருப்பதை இரு மொழிக்காரர்களும் கண்டிருக்கிறார்கள்.

பித்து இன்னும் மேலே போயிற்று. எங்கள் தெருவிலிருந்து வடமேற்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம். அந்த அரங்கன்மேல் மையல் கொண்டு, உலகம் எனக்குப் பேயாகத் தெரிகிறது, உலகத்துக்கு நான் பேயனாகத் தெரிகிறேன் என்று பெருமாள் திருமொழியில் ஒரு பதிகமே பாடினார் குலசேகர ஆழ்வார். அரசராக இருந்தவர் தம்மைப் பித்தர் என்று சொல்லிக்கொண்டதை இன்றும் பக்தியின் உச்சமாகப் படிக்கிறோம். அந்தப் பித்தை மூடத்தனத்தோடு யாரும் குழப்பியதில்லை.

வள்ளுவர் இதை அதிகாரம் அதிகாரமாகவே பிரித்து வைத்தார். 41ஆம் அதிகாரம் கல்லாமை. 84ஆம் அதிகாரம் பேதைமை. 85ஆம் அதிகாரம் புல்லறிவாண்மை. படிக்காதது ஒன்று. கெடுதலைப் பிடித்துக்கொண்டு நன்மையைக் கைவிடுவது இன்னொன்று. கொஞ்சம் அறிந்துவிட்டு எல்லாம் அறிந்தவன் என்று தருக்குவது மூன்றாவது. பள்ளிக்கூடம் போகாதவனைப் பேதை என்றோ, படித்தவனிடம் பேதைமை இராது என்றோ அவர் நினைத்திருந்தால் மூன்று தனி அதிகாரங்கள் தேவைப்பட்டிருக்காது. பாடம் ஏறாத மக்கும் துருத்திபோல் ஓசையிடும் ஃபூலும் வெவ்வேறு ஆட்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் மூடத்தனத்துக்கு ஒரு புத்தகமே எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியார், நம்முடைய வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வாழ்ந்தார். 1732இல் சதுரகராதி தொகுத்தவர். பேச்சுக்கு நெருங்கிய எளிய நடையில் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது, பெஸ்கியின் பேரும் தெரியாது. ஆனால் கொள்ளிக்கட்டையை ஆற்று நீரில் வைத்து, அது சுர்ரென்றதும் ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடியவர்களின் கதையைக் கொள்ளிடக் கரையில் பிறந்த அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுத கதையையும் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிய கதையையும் சொல்வார். சொல்லும்போது நடுவில் நிறுத்திக் கேட்பார்: “இதுல யாரு ஏமாளி, யாரு ஏமாத்துக்காரன்?” குதிரை முட்டை விற்றவனை நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். கதை அதற்குப் பிறகுதான் மேலே போகும்.

அந்த ஐந்து பெயர்களைப் பெரியவனான பிறகு கூர்ந்து பார்த்தேன். மட்டி, மந்தபுத்தி. மடையன், அறிவிலி. பேதை, உலகம் தெரியாதவன். மூடன், தெளிவில்லாதவன். மிலேச்சன் மட்டும் இந்த வரிசையில் சேராதவன், ஏனென்றால் அது பிற நாட்டானை இழித்துச் சொல்ல வழங்கிய சொல். வேறு ஊர்க்காரன், நம் வழக்கம் அறியாதவன் என்பதையே அறிவின்மையாக எண்ணிய ஒரு காலத்தின் தடம் அது. கடல் கடந்து வந்த ஒருவர் கையாலேயே அந்தப் பெயர் சீடர் வரிசையில் ஏறியிருக்கிறது. தெரியாத ஊரில் தடுமாறுகிறவனை முட்டாள் என்பது எவ்வளவு பழைய பழக்கம் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்கும் வடமாநிலத் தொழிலாளியை இன்று நாம் பேசும் பேச்சு அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

பெஞ்சமின் பாபிங்டன் இந்தக் கதையைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1822இல் லண்டனில் அச்சிட்டார். 1861இல் படங்களோடு வந்த இன்னொரு லண்டன் பதிப்பில் சீடர்களின் பெயர்கள் நூடுல், டூடுல், வைஸேக்கர், ஸேனி, ஃபூஸில் என்று மாறின. ஒலியைக் கேட்டாலே குழந்தைகள் சிரிக்கும் பெயர்கள். அவற்றிலும் வகை உண்டு. வைஸேக்கர் என்பவன் எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவன், வள்ளுவரின் புல்லறிவாளன். ஸேனி என்பது இத்தாலிய நாடக மேடையின் கோமாளி வேலைக்காரன் பெயரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இத்தாலியர் ஒருவர் தமிழில் படைத்த சீடன், இத்தாலிய மேடைப் பெயரோடு லண்டனில் நடமாடினான். உலகத்தில் எந்த ஊரிலும் மூடத்தனம் ஒரே முகத்தோடு இருப்பதில்லை என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் உணர்ந்துதான் இருந்தார்கள்.

தெரு இப்படிப் பிரித்துப் பேசிய அதே காலத்தில் சட்டமும் பள்ளிக்கூடமும் பிரிக்கவில்லை. அந்தக் குறையையும் நான் சொல்லியாக வேண்டும்.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், இடியட் என்று அது அழைத்தவரையும் மனநலம் குன்றியவரையும் லூனடிக் என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தையும் நடுவயதில் மனநோய் கண்டவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்று. அதே சமயம் அமெரிக்காவில் ஹென்றி காடர்ட் 1910இல் மோரான் என்ற சொல்லையே புதிதாக உண்டாக்கி, இடியட், இம்பெஸைல், மோரான் என்று மூன்று படி வகுத்தார். இரண்டு வயதுக் குழந்தையின் அறிவுக்கு மேல் வளராதவர் முதல் படி, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குரிய அறிவுள்ளவர் மூன்றாம் படி. மருத்துவருக்கென்று செய்த அந்தப் புதுச் சொல்லும் சில ஆண்டுகளிலேயே தெருவில் வசவாக இறங்கிவிட்டது. அந்த மூன்றையும் எந்த மருத்துவரும் இன்று எழுதுவதில்லை.

எங்கள் வகுப்பில் எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் வரிகள் குழம்பிவிடும். கேட்டதை ஒருமுறையில் திருப்பிச் சொல்வான். ரயில் பாதையோரம் நின்று போகிற இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்த வகை என்று சொல்லிவிடுவான். வகுப்பில் அவனுக்கு ஒரே பெயர்தான்: மக்கு. கடைசி பெஞ்சு அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒருநாள் பள்ளிக்கு வருவதை நிறுத்தி லாரிப் பட்டறையில் சேர்ந்தான். தெருவில் அவனை யாரும் மக்கு என்றதில்லை. அவன் கைவேலை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் தெருவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் போனதில் ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்று. எனக்கு அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். சட்டம் பிரிக்கக் கற்றுக்கொண்டது. 1987இல் மனநலச் சட்டம் வந்து பழைய லூனடிக்கை ஒழித்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் ஒருசேரத் தடுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைத் தனித்தனியே எண்ணியது. அறிவுசார் குறைபாடு ஒன்று, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு வேறொன்று, மனநோய் மற்றொன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோய் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. இன்று எங்கள் வகுப்புத் தோழனைப் போன்ற பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று சான்று கிடைத்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் சட்டம் நடந்த தூரம் பெரியது. அதற்குப் பாடுபட்ட பெற்றோரையும் ஆசிரியர்களையும் நான் வணங்குகிறேன்.

தெரு நடந்த திசை வேறு. ஷேர் ஆட்டோவில் பால்பண்ணையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போனால் போதும். சில்லறை எடுக்கத் தாமதித்த பாட்டி லூசு. இறங்கும் இடத்தைத் தவறவிட்ட பையன் லூசு. காதலிக்குப் பூ வாங்கிப்போனவன் லூசு. குறுக்கே பைக்கில் வந்தவன் லூசு. தனக்குத்தானே பேசிக்கொண்டு ரோட்டோரம் நடக்கும் மனிதரும் லூசு. அன்பில் சொல்வதும் வெறுப்பில் சொல்வதும் இரக்கத்தில் சொல்ல வேண்டியதும் ஒரே சொல். 2000க்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் கதாநாயகியே லூசுப் பெண்ணாக வந்தாள். வெகுளி என்று ஒரு காலம் மெச்சியதை லூசு என்று சிரிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் திரை.

அரியமங்கலம் என்றதும் திருச்சியில் பலருக்கு நினைவு வருவது சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்குதான். பல பத்தாண்டுகள் ஊர்க் குப்பை முழுவதும் தரம் பிரிக்காமல் அங்கே கொட்டப்பட்டது. மக்குவதும் மக்காததும் கலந்து கிடந்ததால் மக்க வேண்டியதும் உரமாகவில்லை. உள்ளே வாயு சேர்ந்து தீப்பிடிக்கும். புகை எங்கள் வீடுகளுக்குள் வரும். பிறகு பயோமைனிங் என்று அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. வாசலில் பிரித்திருந்தால் தேவைப்படாத வேலை அது. எல்லா மனிதர்களையும் ஒரே சொல்லுக்குள் கொட்டும் பேச்சுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

அதன் புகை எங்கெங்கே வருகிறது என்று பார்க்கிறேன். முதலில் ஏமாளி. பணி ஓய்வு பெற்ற ஒருவருக்குப் போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பு வருகிறது. டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணத்தைப் பறிக்கிறார்கள். அவர் வீட்டில் சொன்னால் முதலில் கேட்பது, “லூசாப்பா நீங்க? படிச்சவர்தானே?” என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் சொல்வதில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு போய்விடும். வெட்கம் தின்றுவிடும் அந்த நேரம்தான் திருடனுக்கு லாபம். நீங்க ஏமாந்துட்டீங்க, தப்பு அவன்மேல என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். என் அப்பாயி அழுகல் வெங்காயத்துக்குச் சொன்ன தீர்ப்பு அதுதான்.

அடுத்தது நோய். எங்கள் சின்ன வயதில் மனம் கலங்கியவரைக் குணசீலத்துக்குக் கொண்டுபோங்க என்பார்கள். காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் அப்படிப்பட்டவர்களை 48 நாள் ஒரு மண்டலம் தங்க வைப்பதும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதும் வழக்கம். அந்தச் சொல்லில் கேலியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் இது பரிகாரம் உள்ள துன்பம், கொண்டுபோக ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணமும் அதில் இருந்தது. பரிகாரம் தேடிப் போன இடங்களில் கொடுமையும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகுதான் இப்படிப்பட்ட இடங்களை அரசு கணக்கெடுத்து உரிமத்துக்குள் கொண்டுவந்தது. குணசீலத்திலும் அங்கீகாரம் பெற்ற மறுவாழ்வு மையம் வந்தது.

இன்று மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. போகிற கால் மட்டும் தயங்குகிறது. மனசு சரியில்லை என்று வாய்திறக்கும் ஒரு கல்லூரி மாணவியின் காதில் அதுவரை விழுந்திருக்கும் சொற்கள் லூசு, மெண்டல், சைக்கோ மூன்றும்தான். நாள் முழுக்கச் சிரிப்புக்கும் சண்டைக்கும் செலவழித்த அந்தச் சொல்லைத் தன்மேல் எழுதிக்கொள்ள யார் துணிவார்கள்?

மூன்றாவதாக ஒன்று என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பேரன் போனில் எதையோ படித்துக்கொண்டே, அரசியல் கட்சி ஒன்றின் ஆதரவாளர்களைத் தற்குறிகள் என்றான். சமீப காலமாக சமூக ஊடகத்தில் ஓயாமல் புழங்கும் வசவு அது.

“தற்குறின்னா என்ன தெரியுமாப்பா?”

“முட்டாள் தாத்தா. ஒண்ணும் தெரியாதவன்.”

அலமாரியிலிருந்து எங்கள் பழைய வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாயியின் பெயர். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல். பக்கத்தில் எழுத்தர் கையால் தற்குறி என்று எழுதியிருக்கிறது. எழுதத் தெரியாதவர் தம் கையொப்பத்துக்கு மாற்றாக இடும் அடையாளத்துக்குப் பெயர் தற்குறி. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 100க்கு 18 பேர். பெண்களில் 100க்கு 9 பேர்கூட இல்லை. நம்மில் பெரும்பாலோருடைய பாட்டிகள் தற்குறிகள்தான். அவர்கள் கீறலிட்டு வாங்கிய மனையில்தான் நாம் உட்கார்ந்து படித்தோம்.

“இவங்க எனக்கு எத்தனை கதை சொன்னாங்க தெரியுமா? யாரு ஏமாளி, யாரு ஏமாத்துறவன்னு பிரிச்சுப் பாக்கச் சொல்லிக்குடுத்தது இவங்கதான்.”

பேரன் பத்திரத்தை வெகு நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: “அப்ப அந்த ஆளுங்கள என்னன்னு சொல்றது தாத்தா? அவங்க பொய்ய உண்மைன்னு பரப்புறாங்க.”

நல்ல கேள்வி. பொய்யை உண்மை என்று நம்பி அனுப்புகிறவர் ஏமாளி, அவருக்கு உண்மையைப் பொறுமையாகக் காட்டலாம். பொய் என்று தெரிந்தும் அனுப்புகிறவர் புரட்டர், அவரை மூடர் என்பது அவருக்குக் கொடுக்கும் மன்னிப்பு. அரைகுறையாகப் படித்துவிட்டு எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவருக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 85ஐ எடுத்துப் படிக்கலாம். இவர்களில் ஒருவர்கூடத் தற்குறி இல்லை. எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். இதை அவனிடம் அப்படியே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் புரட்டர் என்ற சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தான்.

பழைய தெரு திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தெருவில் சாதியைச் சொல்லித் திட்டியதும், ஊனத்தைப் பேராக வைத்து அழைத்ததும் உண்டு. அவை போனது நல்லது. போகாமல் மிச்சம் இருப்பவையும் போக வேண்டும். நான் கேட்பது அந்தத் தெருவிடம் இருந்த ஒரே ஒரு பழக்கத்தை: ஒருவருடைய குறையைச் சொல்லுமுன் அது எந்தக் குறை என்று பார்ப்பது. தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏமாந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தருக்குகிறவரோடு வாதாட வேண்டும். நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அசடு வழிகிறவரோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். ஐந்தும் ஐந்து விதமான வேலை. லூசு என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடித்தால் அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நாம் செய்யாமல் நகர்ந்துவிடுகிறோம். சட்டம் ஒரு நூற்றாண்டு செலவழித்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டதை, நாம் நம் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சில் இன்றிரவே தொடங்கிவிடலாம்.